விடைபெறாமல் போன ஆறாம் ஆண்டு

2014 தொடங்கி 2024 முடியும் வரை ஜோகூரில் வாரம் பிறந்தது ஞாயிற்றுக்கிழமையில்தான். வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு காலை பள்ளி மணி அடித்துவிடும். பேராக்கிலும் சிலாங்கூரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் ஞாயிறன்று கல்யாணம் வைத்துவிட்டு அழைப்பார்கள். பள்ளிக்கூடம் இருக்கிறது என்றால் அவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமையிலுமா பள்ளி என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பார்கள்.

அந்த ஞாயிற்றுக் காலைகளுக்கென்று ஓர் அழகு இருந்தது. மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்துப் பெற்றோரில் நிறையப் பேருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய், கடற்பாலத்து நெரிசலில் நின்று, வேலை முடித்து, மறுபடியும் அதே நெரிசலில் திரும்பி வருவார்கள். அவர்கள் வீடு சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். ஞாயிறு அவர்களுக்கு ஓய்வு நாள். ஆகவே வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் பிள்ளைகள் பள்ளி வேனில் வராமல் அப்பாவின் மோட்டாரில் வந்து இறங்குவார்கள். மற்ற நாள்களில் வேனிலிருந்து குதித்து ஓடிவரும் பிள்ளை, ஞாயிறன்று நுழைவாயிலில் நின்று நின்றுதான் உள்ளே வருவான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பான். அப்பாவும் அவசரப்படுத்தமாட்டார்.

2025 ஜனவரி 1 முதல் ஜோகூரிலும் சனி, ஞாயிறு விடுமுறையாகிவிட்டது. பிள்ளைகளோடு அப்பாக்கள் ஒரு நாள் முழுக்க இருக்கலாம். குடும்பங்களுக்கு அதுவே நல்லது. நானும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று, பிறந்த ஊரான ஈப்போவுக்கே வந்துவிட்டேன். ஆனாலும் ஜோகூரை நினைத்தால் அந்த ஞாயிற்றுக் காலை நுழைவாயிலும், அதன் வழியாக உள்ளே வந்த ஒரு வகுப்பும்தான் கண்ணில் நிற்கின்றன. 2020ஆம் ஆண்டின் ஆறாம் ஆண்டு மாணவர்கள். 2008இல் பிறந்த பிள்ளைகள். எத்தனையோ வகுப்புகளை இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். நான் அனுப்பி வைக்காமலே போய்விட்டது அந்த ஒரு வகுப்புதான்.

பள்ளி மூடுவது அவர்களுக்குப் புதிதில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் மூச்சு முட்டி, வாந்தி எடுத்து, ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போக நேர்ந்தது. அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. ஜூனில் மறுபடியும் காற்று கெட்டது; மறுபடியும் மூடினார்கள். செப்டம்பரில் புகைமூட்டம் வந்தது. ஐந்தாம் ஆண்டில் இத்தனையையும் பார்த்துவிட்டார்கள் என் பிள்ளைகள். ஒவ்வொரு முறையும் பள்ளி திறந்தது, எல்லாரும் திரும்பி வந்தார்கள், விட்ட இடத்திலிருந்து பாடம் தொடர்ந்தது. மூடிய பள்ளி திறக்கும் என்பதில் அந்தப் பிள்ளைகளுக்குச் சந்தேகமே கிடையாது. எனக்கும்தான்.

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. மறுநாளிலிருந்து முதல் தவணை விடுமுறை, ஒன்பது நாள். வழக்கம்போல விடுமுறைக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினேன். 16ஆம் தேதி இரவு பிரதமர் முகிதின் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி, கோவிட்-19 பரவலைத் தடுக்க 18ஆம் தேதி தொடங்கி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை என்று அறிவித்தார். மற்ற ஊர்களில் மக்கள் அரிசியும் முட்டையும் வாங்கக் கடைக்கு ஓடினார்கள். ஜோகூர் பாருவில் வேறொரு ஓட்டம் நடந்தது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் போய்வந்த கடற்பாலம் 17ஆம் தேதி நள்ளிரவோடு அடைபடப்போகிறது. அந்தப் பக்கம் போனால் வேலை நிலைக்கும். இந்தப் பக்கம் இருந்தால் வீடு இருக்கும், சம்பளம் போகும். முடிவெடுக்க ஒரு பகல் பொழுதுதான் இருந்தது. பையில் நாலு உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். தங்க இடம் கிடைக்காதவர்கள் அன்றிரவு கிராஞ்சி இரயில் நிலையத்துக்கு வெளியே படுத்துக் கிடந்ததை நாளிதழ்களில் பார்த்தோம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் அப்படிப் போனவர்கள்.

அதற்கடுத்த வாரமே, மார்ச் 27 அன்று, நாட்டிலேயே முதன்முதலாகக் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு எங்கள் மாநிலத்தில்தான் வந்தது. குளுவாங் மாவட்டம் சிம்பாங் ரெங்கத்தில் இரண்டு குடியிருப்புகளின் சாலைகளை அடைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் இரண்டு வாரம் வெளியே வர முடியவில்லை. ஜோகூர்க்காரர்களுக்கு அந்த நோய் தொலைக்காட்சிச் செய்தியாக இருந்தது சில நாள்கள் மட்டுமே.

பிறகு பாடம் திறன்பேசிக்குள் வந்தது. இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் என்று அதற்குப் பெயரும் வந்தது. கல்வி அமைச்சின் அப்போதைய கணக்கெடுப்பில் 36.9 விழுக்காடு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. எங்கள் பள்ளி போன்ற இடங்களில் கருவி இருந்த வீடு என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு திறன்பேசி. அதற்கு மூன்று பிள்ளைகள். அந்தத் திறன்பேசியும் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். தொழிற்சாலைகள் திறந்த பிறகு அம்மாக்கள் ஷிப்டுக்குப் போனார்கள். காலை ஒன்பது மணி இயங்கலை வகுப்பில் முகம் காட்டுகிறவர்கள் நாலைந்து பேர். மற்றவர்களின் பள்ளி இரவு பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும்.

அந்த இரவுகளை நான் மறக்கவில்லை. பத்தரை, பதினொன்று ஆகும்போது புலனத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பயிற்சிப் புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்பியிருப்பார்கள். மஞ்சள் விளக்கில் பாதி எழுத்து நிழலில் இருக்கும். தாளின் ஓரத்தைப் பிடித்திருக்கும் அம்மாவின் பெருவிரல் தெரியும். நகத்தில் தொழிற்சாலைக் கறுப்பு. செய்யுளை மனப்பாடம் செய்து குரல் பதிவாக அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் மூதுரையை ஒப்பிப்பான், பின்னால் மின்விசிறி கரகரக்கும், தம்பி அழுவான், இரண்டாம் அடியில் திக்கினால் அம்மா மெல்ல எடுத்துக் கொடுப்பாள். அந்த அம்மா ஏதோ ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எப்போதோ படித்தது, அவளுக்கு அப்போதும் நினைவில் இருந்தது. ஒப்பித்து முடித்ததும் பையன், "சரியா டீச்சர்?" என்பான். நேரம் பதினொன்றரை. சரிதான் என்று குரலிலேயே பதில் அனுப்புவேன். எழுத்தில் பதில் போட்டால் போதாது என்று எனக்குத் தோன்றும்.

இணையம் எட்டாத வீடுகளும் இருந்தன. செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்குப் பயிற்றிகளை அச்சிட்டு, நெகிழிப் பையில் போட்டுப் பெயர் ஒட்டி, பாதுகாவலர் குடிலில் வைப்போம். பெற்றோர் வந்து எடுத்துப் போவார்கள். எடுக்கப்படாத பைகள் அடுத்த வாரமும் அங்கேயே இருந்தால் ஆசிரியர்களில் யாராவது காரில் கொண்டுபோய்க் கொடுப்போம். ஊதியமில்லாத இந்த ஓட்டத்தை அப்போது நாட்டின் பல தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் ஓடினார்கள். ஜோகூரில் மட்டும் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் எத்தனையோ தோட்டத்துச் சிறு பள்ளிகள். அந்த ஆசிரியர்களின் பெட்ரோல் செலவை யாரும் கணக்கெழுதி வைக்கவில்லை. அவர்களை நான் இந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஏப்ரல் 15 அன்று, ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ரத்து என்று அறிவிப்பு வந்தது. 1988 முதல் நடந்த தேர்வு. மறு ஆண்டு அதை ஒரேயடியாக எடுத்தும்விட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அந்தத் தேர்வு எவ்வளவு நசுக்கியது என்று தெரிந்தவள் நான். அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அந்தத் தேர்வோடு இன்னொன்றும் சேர்ந்து போயிற்று. அதைப் பற்றித்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

தேர்வு முடிந்த பிறகு ஆண்டு முடிய வாரக்கணக்கில் நாள் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்த பிள்ளைக்கு அதுதான் பொற்காலம். பாடச்சுமை இல்லை; ஆனால் பள்ளிக்கு வருவார்கள். வராமல் இருக்க மாட்டார்கள். அதுவரை வாயே திறக்காத பிள்ளை அப்போதுதான் பேசத் தொடங்கும். ஆசிரியர் அறையில் வந்து, "ஏதாவது வேலை இருக்கா டீச்சர்?" என்று நிற்பார்கள். நூலகத்துப் புத்தகங்களுக்கு உறை போடுவார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காலணிக் கயிறு கட்டிவிடுவார்கள். மலாக்காவுக்குச் சுற்றுலா போவோம். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் பாட்டுதான். தீபாவளிக்கு முன்னால் மண்டபத்தில் வண்ண அரிசிக் கோலம் போடுவது ஆறாம் ஆண்டின் உரிமை. அதை வேறு வகுப்புக்கு விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கடைசி வாரத்தில் நினைவேடு கைமாறும். எழுதத் தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு நிற்கும் பையன்கள், "நல்லா படி" என்று ஒரே வரியை எல்லார் ஏட்டிலும் எழுதிவைப்பார்கள்.

இறுதிச் சபைகூடல் ஒன்று உண்டு. நாட்டுப் பண், ஜோகூர் மாநிலப் பண், பிறகு இறையருட் கவிஞர் சீனி நைனா முகம்மது இயற்றிய தமிழ் வாழ்த்து. ஆறு ஆண்டுகளாக வாயசைத்துவிட்டு நின்ற பிள்ளைகள் அன்று முழுக் குரலில் பாடுவார்கள். இனி இடைநிலைப் பள்ளியில் அந்த வாழ்த்து இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். நான்கு வெவ்வேறு இடைநிலைப் பள்ளிகளுக்குச் சிதறப்போகிறார்கள்; சிலர் புகுமுக வகுப்புக்குப் போவார்கள்; தமிழைப் பாடமாக எடுப்பவர்களும் உண்டு, அத்தோடு விடுபவர்களும் உண்டு. தமிழ்ப்பள்ளி அவர்களைத் தன் பிள்ளைகள் என்று சொல்லும் கடைசிக் காலை அது. பாடி முடித்ததும் தம்பி தங்கைகள் இரண்டு வரிசையாக நிற்க, நடுவில் நடந்து வெளியே போவார்கள். வாயிலில் ஆசிரியர்கள் நிற்போம். கும்பிட்டுக் காலில் விழுவார்கள், தூக்கிவிடுவோம். அழாத ஆசிரியர் யாரையும் நான் பார்த்ததில்லை.

2020 ஜூலை 15 அன்று ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் திரும்பி வந்தார்கள். நாலு மாதத்தில் பையன்களுக்குக் கால்சட்டை குட்டையாகியிருந்தது. நுழைவாயிலில் நெற்றிக்கு நேராக வெப்பமானி, கையில் தூய்மி, முகக்கவரி. சபைகூடல் கிடையாது. புறப்பாட நடவடிக்கை கிடையாது. மேசைகளுக்கு நடுவில் ஒரு மீட்டர். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குப் போகாமல் வகுப்பிலேயே, அவரவர் இடத்தில், முன்னால் இருப்பவன் முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். ஒருத்தி கொண்டுவந்த நாசி லெமாக்கில் இன்னொருத்தி கைபோடக் கூடாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் அதைச் சொல்வது கடினம். சொன்னதும் கேட்டுக்கொண்டார்கள், அதுதான் இன்னும் கடினமாக இருந்தது.

அந்த மாதங்களில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டாரில் வந்து இறங்கும் பிள்ளைகள் இல்லை. ஆகஸ்டு 17 முதல் வேலைக்காகச் சென்றுவரும் ஏற்பாடு ஒன்று தொடங்கியது என்றாலும், குறைந்தது மூன்று மாதம் சிங்கப்பூரிலேயே இருந்தால்தான் விடுப்பில் வர முடியும். வந்தால் பரிசோதனை, தனிமைப்படுத்தல், அதற்கான செலவு. வந்துபோகும் கூலிக்காரருக்கு அது கட்டுப்படியாகுமா? பெரும்பாலோர் வரவில்லை.

தீபாவளி அந்த ஆண்டு நவம்பர் 14, சனிக்கிழமை. சபைகூடல் இல்லாவிட்டாலும் கோலம் மட்டும் போட்டுக்கொள்ளலாம், இரண்டு பேர் இரண்டு பேராக வந்து போடுங்கள் என்று அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தேன். அம்மாக்கள் அரிசிக்குச் சாயம் ஏற்றிக் காயவைத்து, பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்து அனுப்பினார்கள். நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் மயில் படம் வரைந்து காட்டினார்கள். தோகையில் எத்தனை கண் என்று சண்டை. நாளைக்கு முடிவு செய்வோம் என்று சொல்லி அனுப்பினேன். நாடெங்கும் பள்ளிகள் மறுநாள் முதல் மூடப்படும், ஆண்டு முடியும் வரை திறக்கப்படாது என்று அன்றுதான் அறிவிப்பு வந்தது. சனி, ஞாயிறு விடுமுறை உள்ள மாநிலங்களில் பிள்ளைகள் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது. அது கடைசி நாள் என்று தெரிந்திருந்தால் நாங்கள் அதை எப்படி எப்படியோ செலவழித்திருப்போம்.

மறுநாள் வகுப்பறைக்குப் போனேன். மேசைக்கடியில் தண்ணீர்ப் புட்டிகள், பாதி படித்த கதைப் புத்தகம், ஒற்றைக் காலுறை. ஆசிரியர் அறையில் அரிசிப் பொட்டலங்கள்: பச்சை, நீலம், குங்குமச் சிவப்பு. அந்த அரிசியை யாரும் கொட்ட மனம் வராமல் மறு ஆண்டு வரை அலமாரியிலேயே வைத்திருந்தோம்.

டிசம்பரில் இரவல் பாடநூல்களைத் திருப்பிக் கொடுக்கவும் சான்றிதழ் வாங்கவும் பெற்றோரை நேரம் குறித்து வரச் சொன்னோம். மாணவர்கள் காருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதிமுறை. மழைக்காலம். ஒரு மேசை, ஒரு குடை. அம்மா வந்து புத்தகங்களை எண்ணி வைத்துக் கையொப்பமிடுவாள். நான் சான்றிதழைக் கொடுப்பேன். காரின் பின்கண்ணாடியில் முகக்கவரி போட்ட முகம் ஒன்று கையசைக்கும். மோட்டாரில் வந்த அம்மாக்கள் பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அந்தப் பிள்ளைகளை நான் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை எல்லாரும் அறிவார்கள். 2021 ஜனவரி 13 முதல் ஜோகூரிலும் இரண்டாம் முறை நடமாட்டக் கட்டுப்பாடு. மார்ச்சில் தொடக்கப்பள்ளிகள் திறந்தன. மே மாதம் மூடின. ஜூன் 1 முதல் நாடு முழுமையாக அடைபட்டது. சோறில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டின. ஆகஸ்டு 26 அன்று ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. அக்டோபரில்தான் பள்ளிகள் மெல்ல மெல்லத் திறக்கத் தொடங்கின. என் பழைய வகுப்புப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டைப் பாதிக்கு மேல் வீட்டில் இருந்தே கழித்தார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து கிளம்பிவிட்டார்கள், புதிய பள்ளிக்குப் போய்ச் சேரவும் இல்லை. எந்த ஆசிரியரும் தங்களுக்கு இல்லாத ஓராண்டு அவர்களுக்கு வாய்த்தது.

மூதுரை ஒப்பித்த பையனின் பாட்டி அந்த ஆண்டு தவறிப்போனார். மகன் சிங்கப்பூரில். காணொளி அழைப்பில்தான் தாயின் முகத்தைப் பார்த்தாராம். கொள்ளி வைக்கும் பொறுப்பைப் பேரன் ஏற்றான். அன்றிரவு அவன் குரல் பதிவு வந்தது. "டீச்சர், நான்தான் எல்லாம் செஞ்சேன்" என்றான். அவனுக்குப் பதின்மூன்று வயது.

2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்காக எல்லை தாண்டும் பேருந்துகள் ஓடத் தொடங்கின. ஒரு திசைக்கு ஒரு நாளைக்கு 1,440 பேர். இரண்டு வாரம் என்று சொல்லிப் போன அப்பாக்கள் இருபது மாதம் கழித்து லார்கின் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். கடற்பாலம் முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1இல். மோட்டார்கள் மறுபடியும் விடியலுக்கு முன் உறுமத் தொடங்கின.

கற்றல் இழப்பு என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். கணிதத்திலும் வாசிப்பிலும் எவ்வளவு பின்தங்கினார்கள் என்று ஆராய்கிறார்கள். அது தேவைதான். பாடத்தைப் பின்னால் பிடித்துக்கொள்ளலாம். கெட்டிக்காரப் பிள்ளைகள் பிடித்தும்விட்டார்கள். நான் ஏங்குவது அந்த நவம்பர் வாரங்களுக்காக. நினைவேட்டில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளாத அந்த ஒரு வரிக்காக. இரு வரிசைக்கு நடுவில் நடந்து போகாத என் பிள்ளைகளுக்காக. ஒரு பள்ளி தன் பிள்ளையைப் பார்த்து, "நீ எங்க பிள்ளை, போய்ட்டு வா" என்று சொல்வது சடங்குபோலத் தோன்றலாம். அதைக் கேட்டுவிட்டுப் போன பிள்ளை, பல ஆண்டு கழித்தும் தன் தம்பியையோ மகளையோ அதே பள்ளியில் சேர்க்க வந்து நிற்கிறது. கேட்காமல் போன பிள்ளைக்கு அந்த வாசல் எப்படி நினைவிருக்கும்?

இடைநிலைப் பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் 2025ஆம் ஆண்டினுடையது அந்த வகுப்புக்குரியது. புகுமுக வகுப்பு வழியாகப் போனவர்களுக்கு அதற்கு அடுத்த ஆண்டு. சிலரோடு எனக்கு இன்னும் புலனத்தில் தொடர்பு இருக்கிறது. கல்லூரிக்கு விண்ணப்பித்தவர்கள் சொல்கிறார்கள். இடையில் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தாமாகச் சொல்வதில்லை, நண்பர்கள் வழியாகத் தெரியவருகிறது. மூன்று பேரின் எண்கள் இப்போது பயன்பாட்டில் இல்லை. எல்லார் பெயரும் என்னிடம் இருக்கிறது.

ஆகவே ஜோகூரின் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் பள்ளி வாரியங்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 2020இல் ஆறாம் ஆண்டில் இருந்த பிள்ளைகளை ஒரு நாள் பள்ளிக்கு அழையுங்கள். தேர்ச்சி பெற்றவர், பெறாதவர் என்று பிரிக்காதீர்கள். வேலைக்குப் போய்விட்டவர்களைத் தேடிப் பிடித்து முதலில் அழையுங்கள். பரிசு வேண்டாம், பேச்சாளர் வேண்டாம், பதாகை வேண்டாம். தமிழ் வாழ்த்தைப் பாடச் சொல்லுங்கள். தம்பி தங்கைகளை இரண்டு வரிசையில் நிறுத்துங்கள். இப்போது சனியும் ஞாயிறும் விடுமுறை என்பதால் அப்பாக்களும் வர முடியும். எங்கள் பள்ளியில் அதைச் செய்கிறார்கள் என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஈப்போவிலிருந்து இரவுப் பேருந்து ஏறி வந்துவிடுகிறேன்.